வெளுத்து வந்த துணி

சாக்கடைக்குள் இறக்கிய துணி வெள்ளையாகத் திரும்பி வந்தால் பயப்பட வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது என் அண்ணி வார்டனாக இருந்த விடுதியில். புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணியை உருண்டையாகச் சுருட்டி, மீன் பிடிக்கிற நைலான் நரம்பில் கட்டி, ஆள்குழியின் மூடியைத் தூக்கி உள்ளே விடுவோம். மறுநாள் வரை அது அங்கே தொங்கும். கட்டிடத்தின் குளியலும் கழிவும் எச்சிலும் அதன் வழியாக ஓடும். இழுத்தால், டீ வடிகட்டிய சக்கையின் நிறத்தில், கனத்து, சொட்டிக்கொண்டு வரும். அதைப் பைக்குள் வைத்துப் பிழிந்து, ஐஸ் பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோவோம். யாருடைய உடம்பு என்று அந்தச் சாறு சொல்லாது. ஆனால் ஒரு நோய் அந்தக் கூரைக்குக் கீழே நுழைந்துவிட்டதா என்பதை, காய்ச்சலில் படுக்கப் போகிறவளுக்கே தெரியாத நாளில் சொல்லிவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், அந்தப் பெண்கள் விடுதியின் பின்பக்கம் அன்று நான் இழுத்த நரம்பின் நுனியில் வந்தது, அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்த இட்லி மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்று. முகமூடிக்குள்ளும் நெடி ஏறிக் கண் எரிந்தது. பிளீச்சிங் பவுடர்.

எனக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம் அவருக்கு.

என் அண்ணன் கம்பி உருட்டும் மில்லில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு, சீக்கிரமே போய்விட்டான். அதன் பிறகு அண்ணி இந்த விடுதியில் பெருக்கிக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிற பெண்கள் தங்குகிற இடம். ஒரிசாவிலிருந்து வந்தவர்கள், ஆந்திரா எல்லையிலிருந்து வந்தவர்கள், நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். வருஷங்கள் போகப் போக அண்ணி வார்டன் ஆனார். கதவில் 'வார்டன்' என்று நீலத் தகட்டில் எழுதி மாட்டினார்கள். அந்தத் தகட்டை அவர் தினமும் துடைப்பார். பல் விளக்குவதைப் போல அது ஒரு காலை வேலை.

அந்தத் துடைப்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. சின்ன வயதில், பொன்னேரிப் பக்கம், நடவுக்குப் போன அம்மாவோடு அவரும் போயிருக்கிறார். தாகம் என்று நிலக்காரர் வீட்டு வாசலில் நின்றபோது, உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றினார்களாம். அது பழகிப்போனதுதான். குடித்துவிட்டு நகர்ந்த பிறகு, அவர்கள் நின்ற இடத்தில் இன்னொரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார்கள். அது பழகவில்லை. அதற்கப்புறம், தன் பின்னால் யாரும் வந்து கழுவுவதற்கு அண்ணி இடம் வைக்கவே இல்லை. தான் இருந்த இடத்தைத் தானே கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பார். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலும், சாப்பிட்ட இலை எடுக்கும் முன்பே தரையைத் துடைத்தவர். பிளீச்சிங் பவுடர் அவர் கையின் ரேகைகளைத் தின்றுவிட்டிருந்தது. விடுதிப் பெண்கள் அவரை 'பவுடர் அத்தை' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே.

சாக்கடையைச் சோதிக்கிற இந்த வேலை கொரோனாவுக்குப் பிறகு வந்தது. மனிதர்களை வரிசையில் நிறுத்தி மூக்கில் குச்சி விடுவதைவிட, அவர்கள் விட்ட தண்ணீரைக் கேட்பது சுலபம் என்று புரிந்துகொண்ட காலம். நான் சேர்ந்த ஆய்வகத்துக்குத் தொழிற்பேட்டையின் விடுதிகளைக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். இப்போதும் சொல்கிறேன், நல்ல திட்டம். ஆனால் விடுதி கம்பெனியின் சொத்து, ஆள்குழி கம்பெனியின் மதிலுக்குள். அனுமதி வேண்டும். அனுமதிக்குத் தேதி சொல்ல வேண்டும். தேதி சொன்ன உடனேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஏனென்றால் தொழிற்பேட்டைக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்குத் தண்ணீர் எடுக்க யாராவது பாட்டிலோடு வருகிறார்கள் என்றால், கழிவு வாய்க்காலில் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஊர் அறிந்த பழக்கம். 'பாட்டில் வருது' என்று வாட்ச்மேன் முதல் ஷிப்ட் இன்சார்ஜ் வரை செய்தி ஓடும். சாயம் போய், அமிலம் போய், ஒரு காலைப்பொழுது மட்டும் வாய்க்கால் சலசலவென்று ஓடும், கொக்குகூட வந்து நிற்கும். வருகிறவர் மொண்டுகொண்டு போவார். மதியம் பழைய நிறம் திரும்பிவிடும். அந்த விடுதியின் மெயின்டனன்ஸ் மேனேஜருக்கும் நான் இன்னொரு பாட்டில்தான். அவர் கண்ணுக்கு நான் கொண்டுவந்தது நூலில் கட்டிய பாட்டில். மாசுக்காகத் தேடுகிறவளுக்கும் கிருமிக்காகத் தேடுகிறவளுக்கும் அவருக்கு வித்தியாசமில்லை. யாரோ வருகிறார்கள், சுத்தமாக இருக்கட்டும் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஏமாற்றச் சொன்னார். அண்ணி அதைப் பக்தியோடு செய்தார். மூட்டையைப் பிரித்து, பக்கெட் பக்கெட்டாகக் கரைத்து, குளியலறைகளிலும் கக்கூஸ்களிலும் ஆள்குழியிலும் ஊற்றியிருக்கிறார். என் துணியில் எந்தக் கிருமி ஒட்டியிருந்தாலும் அது அங்கேயே வெந்து சிதைந்துபோயிருக்கும்.

"இன்னா பாப்பா மூஞ்ச சுளிக்கிற? நாத்தம் அடிக்கலன்னு பேஜாரா கீதா?" என்றார் அண்ணி.

"நாத்தம் அடிக்கணும் அண்ணி. அதுக்குத்தான் வந்தேன். நீங்க இதுல மருந்து ஊத்தினா எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரிய வேணாம். உங்கம்மா என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போய் தெருவெல்லாம் இன்னா சொன்னா தெரியுமா? ஊட்டை எட்டிப் பாத்தேன், தரையில சோறு போட்டுத் துன்னலாம்னு சொன்னா. அந்த அம்மா பெத்த பொண்ணு நீ, என் ஊட்டுச் சாக்கடைய நாறச் சொல்ற."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் கிருமி, முன்னெச்சரிக்கை என்று என்னென்னவோ விளக்கினேன். கேட்டுக்கொண்டே நின்றவர், ஆள்குழி மூடியைக் காலால் தள்ளி மூடிவிட்டுச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"சிமினி கக்குற பொகைய எவனாச்சும் துணி கட்டிப் புடிச்சானா? எங்க பொண்ணுங்க வெளிக்கிப் போறது மட்டும் உங்களுக்கு ஐஸ் பொட்டில ஏறணும். இன்னா கெடைக்கும் அதுல? நோவு கீதுன்னு எழுதுவீங்க. எழுதினா கேட்டை மூடுவான். கொரோனாவுல மூடினான்ல, இதுங்க ரயில் ரோட்டுல மூட்டையத் தூக்கினு நடந்து போச்சுங்க. நீ வந்து சோறு போட்டியா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்பதால்தான் என் கோபம் இன்னும் ஆறாமல் கிடக்கிறது.

ஆய்வகத்தில் என் மேலதிகாரியை நாங்கள் சார் என்போம். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். இந்தத் துணி செல்லாது, சொல்லாமல் கொள்ளாமல் போய் வேறு எடுக்கிறேன் என்றேன். அனுமதி இல்லாமல் எடுத்தால் அடுத்த முறை கேட்டையே திறக்க மாட்டார்கள், மற்ற கம்பெனிகளும் மூடிவிடும், திட்டமே போய்விடும் என்றார். 'மாதிரியில் குளோரின் நெடி இருந்தது' என்று நான் குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பு ஆய்வகத்தோடு நின்றது. கம்பெனிக்குப் போனது ஒரே ஒரு வரி: நோய்க்கிருமி கண்டறியப்படவில்லை.

கண்டறியப்படவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு தேடியவனுக்கும் எதுவும் கண்டறியப்படுவதில்லை. ஆனால் அந்த வரிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மெஸ்ஸில், கை கழுவுகிற இடத்துக்கு மேலே மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை நான் போனபோது அதன் ஆணியில் அண்ணி ஒரு முழம் பூ செருகியிருந்தார்.

அந்த விடுதியில் பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருத்தி இருந்தாள். நடையிலும் பேச்சிலும் அண்ணியை அப்படியே செய்து காட்டுவாள். துப்பட்டாவை முந்தானையாகச் செருகி, கற்பனை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "ஏன்டி, ஈரக்காலோட வராதன்னு எத்தினி தபா சொல்றது" என்று மெஸ்ஸைச் சுற்றி வருவாள். சாதம் வாயில் வைத்திருந்தவர்களுக்குப் புரையேறும். அண்ணி கரண்டியை ஓங்குவார், அடி விழாது. அவளுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் ஊரில் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முழுகாமல் இருந்தாள். அது அண்ணிக்கு மட்டும் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் ஏதாவது காரணம் சொல்லி லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று இருவரும் சேர்ந்து மறைத்தார்கள். அண்ணி தன் பங்குப் பாலை அவள் டம்ளரில் ஊற்றுவார்.

அதனால்தான் அவள் காலை நாஷ்டாவைத் தொடாமல் ஓடிப்போய் வாந்தி எடுத்தபோது, அண்ணி அதை மசக்கை என்று நினைத்தார். எலுமிச்சம்பழம் நறுக்கி மூக்கில் பிடித்தார். வேறு சில பெண்களும் தட்டைத் தள்ளினார்கள், நிற்க முடியவில்லை என்று உட்கார்ந்தார்கள். சட்டத்துக்குள் இருந்த வரியைக் காட்டி, இங்கே எதுவும் இல்லை, வெளியே பானிபூரி தின்றுவிட்டு வந்து நடிக்கிறார்கள் என்றார் மெயின்டனன்ஸ் மேனேஜர். லீவு இல்லை. பிறகு ஒரு நாள் காலை, தலை வாரிவிட அவள் முகத்தைத் திருப்பிய அண்ணி கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

காமாலை. அதிலும் ஒரு வகை, மற்றவர்களை வாட்டிவிட்டுப் போய்விடும். முழுகாமல் இருப்பவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆட்டோ பிடித்து, மடியில் கிடத்திக்கொண்டு, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து சென்னைக்கும் அண்ணிதான் கூடப் போனார். கடைசி மயக்கத்திலும் அந்தப் பெண், "அத்தே, சீட்டு ஈரமா கீது பாரு, தொடச்சிடு" என்றாளாம். அண்ணியைச் செய்து காட்டினாளா, உண்மையிலேயே சொன்னாளா என்று அண்ணிக்குக் கடைசி வரை தெரியவில்லை. திரும்பி வரவில்லை அவள். உள்ளே இருந்ததும் வரவில்லை.

காரியம் முடிந்து பொதட்டூர்பேட்டையிலிருந்து திரும்பும் வழியில் அண்ணி எனக்குப் போன் செய்தார். அழவில்லை.

"பாப்பா, உன் துணிய எடுத்துனு நாளைக்கிக் காலைல வா. யாராண்டயும் கேக்காத. நான் ஒண்ணும் ஊத்தல, ஊத்த வுடவும் மாட்டேன்."

போனேன். நாத்தனார் தன்னைப் பார்க்க வருவதாக வாட்ச்மேனிடம் அண்ணி சொல்லிவைத்திருந்தார், பொய்யுமில்லை. பின்பக்கம் போய்த் துணியை இறக்கினேன். பகல் முழுக்கவாவது அது தொங்க வேண்டும். மெஸ்ஸிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து, ஆள்குழிக்குப் பக்கத்தில் போட்டு, அதில் உட்கார்ந்தார் அண்ணி. சித்திரை வெயில். பக்கத்து உருக்கு மில்லின் கரி காற்றில் இறங்கி அவர் புடவையில் உட்கார்ந்தது. தட்டிவிடவில்லை. வாழ்நாளெல்லாம் அழுக்கை விரட்டிய மனுஷி, அன்று அழுக்குக்குக் காவல் இருந்தார்.

எப்படியோ மோப்பம் பிடித்து மெயின்டனன்ஸ் மேனேஜர் வந்துவிட்டார். கூடவே மூட்டையைத் தோளில் வைத்த ஓர் ஆள். எழுந்திருக்கச் சொன்னார். கம்பெனி இடம் என்றார். வேலை போய்விடும் என்றார். என்னைப் பார்த்துப் போலீஸ் என்றார். அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சார், இத்தினி நாளும் நீ சொன்ன, நான் ஊத்தினேன். இன்னிக்கி இதுல ஊத்தணும்னா என் தல மேல ஊத்து."

மூட்டைக்காரன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, பீடி வாங்கி வருவதாகச் சொல்லிப் போனவன் வரவே இல்லை. மேனேஜரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தார். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அங்கே வந்து, தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சாயங்காலம் நான் நரம்பை இழுத்தபோது துணி கறுத்து, கனத்து, சொட்டிக்கொண்டு வந்தது. அண்ணி அதைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

இப்போது சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அனுமதியில்லாத மாதிரியை அவர் தொட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் ஐஸ் பெட்டியை அவர் மேசை மேலேயே வைத்தேன். செத்துப்போன பெண்ணின் கதையைச் சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்தார். காமாலைக் கிருமி நிறைய இருந்தது. முடிவை எடுத்துக்கொண்டு திருவள்ளூருக்கு மின்சார ரயில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் அவரே கொடுத்துவிட்டு வந்தார். பயந்த மனிதர் பயந்துகொண்டேதான் போனார். ஆனால் போனார்.

தோண்டினார்கள். விடுதியின் கழிவுக் குழாய் உடைந்து, தரைக்கடியில் இருந்த குடிதண்ணீர்ச் சம்ப்புக்குப் பக்கத்தில் கசிந்துகொண்டிருந்தது. சம்ப்பின் சுவரில் விரிசல். அந்தப் பெண்கள் தங்கள் சாக்கடையைத் தாங்களே குடித்துக்கொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீரில் போட்டிருக்க வேண்டிய மருந்தைச் சாக்கடையில் போட்டார்கள். நான் முதல் முறை இறக்கிய துணியைத் தன் பாட்டுக்குத் தொங்க விட்டிருந்தால், ஒருத்தி கண் மஞ்சளாகும் முன்பே சம்ப்பை மூடியிருக்கலாம். அவள் குழந்தை இப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். தன் அம்மாவைப் போல யாரையாவது செய்து காட்டிக்கொண்டிருக்கும். அண்ணி மீது எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் சுத்தமாக இருந்தால்தான் மனுஷி என்று ஒரு சின்னப் பெண்ணின் காலடித் தடத்தில் குடத்தைக் கவிழ்த்துக் கற்றுக்கொடுத்தார்களே, அவர்களிடமிருந்து அல்லவா அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். அந்தப் பயத்தைக் கூலிக்கு வாங்கி, மூட்டையைக் கையில் கொடுத்து, ஊற்று என்றார்களே, அவர்களிடம் அல்லவா கேட்க வேண்டும்.

குழாயை மாற்றினார்கள். சம்ப்புக்கு நீல டைல்ஸ் ஒட்டினார்கள். மேனேஜர் வேறு யூனிட்டுக்கு, கொஞ்சம் பெரிய யூனிட்டுக்கு, மாறிப் போனார். அண்ணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், விடுதியைச் சுத்தமாக வைத்திருக்கத் தவறியது. என் அண்ணியை. சுத்தமாக வைத்திருக்கத் தவறியதற்காக. அவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிய அன்று, அவர் இருந்த அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டார்கள். நீலத் தகட்டை எடுக்கத் திரும்பிப் போன நான் அதைப் பார்த்தேன். வாசல்படி வழியாக வெள்ளைத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லவே மாட்டேன்.

அண்ணி இப்போது பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறார். போனால் டீ போட்டுத் தருவார், தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்து. வருஷத்துக்கு ஒரு தடவை பொதட்டூர்பேட்டைக்குப் போய் வருகிறார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. வீட்டில் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர்கூடக் கிடையாது. தரை எப்போதும் போல, சோறு போட்டுத் தின்னலாம்.

போன வாரம் அதே விடுதிக்கு, முறையாகத் தேதி சொல்லி, அனுமதி வாங்கிப் போனேன். புது வார்டன், சின்னப் பெண், பயந்த சிரிப்பு. புது மெயின்டனன்ஸ் மேனேஜர் கைகுலுக்கினார். மெஸ்ஸில் புதுச் சட்டத்தில் புது வரி. பின்பக்கம் போய் முந்தின நாள் இறக்கிய நரம்பை இழுத்தேன். மேலே வர வர, வெயிலில் அது பளிச்சென்று தெரிந்தது. வெள்ளை. கண் எரிந்தது. எனக்குப் பின்னால் அந்த வார்டன் பெண், அதே முகத்தோடு, முதல் மார்க் வாங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். அவள் கைகளைப் பார்த்தேன். ரேகைகள் இன்னும் இருந்தன.

துணியை அறுத்துக் குப்பையில் போட்டேன். பையிலிருந்து புதிதாக ஒன்றைச் சுருட்டிக் கட்டி உள்ளே இறக்கினேன். மெஸ்ஸுக்குப் போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து ஆள்குழிக்குப் பக்கத்தில் போட்டேன். இன்றைக்கு அனுமதி முடிந்துவிட்டது மேடம், எழுந்திருங்கள் என்றார் மேனேஜர்.

நான் உட்கார்ந்தேன்.